சாரல் அடிக்கும் சுவருக்கு ஃபைபர் சிமெண்ட் பிளாங்க்: மீஞ்சூர் பக்கத்து வயல்வெளி வீட்டில் செய்த வேலை

வடகிழக்குப் பருவமழை முழுசாக ஓய்ந்த பிறகு, சாரலைத் தடுக்க வடக்குச் சுவரின் மேல் சட்டம் கட்டி மாட்டிய ஃபைபர் சிமெண்ட் பலகைகளில் (பிளாங்க்) உச்சி வரிசையில் ஒன்றைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. பழைய பூச்சு காய்ந்து, விரல் வைத்தால் தூசிதான் ஒட்டுகிறது. சட்டத்தின் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் துருப்பொட்டு இல்லை. பிளாங்கின் பின்பக்கம் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வழிந்த கோடு தெரிகிறது. அந்தத் தண்ணீர் சுவரைத் தொடாமல் இறங்கிக் கீழ் இடைவெளி வழியாக வெளியே போயிருக்கிறது. வீட்டுக்குள் அந்தச் சுவரில் ஓதம் இல்லை. வேலை பலித்திருக்கிறது என்று இப்போது தைரியமாக எழுதலாம்.

இடம் நந்தியம்பாக்கத்துக்கும் மீஞ்சூருக்கும் நடுவில், நெல்வயலை ஒட்டிய தெரு. எல்லாம் தளம் போட்ட ஒற்றை அடுக்குச் செங்கல் வீடுகள். கிழக்கே எண்ணூர்க் கழிமுகம் வரை பெரும்பாலும் வெட்டவெளி. ஐப்பசி, கார்த்திகையில் காற்று மழையைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் நேராக அடிக்கும். மேற்கும் தெற்கும் தப்பித்துவிடும். ஆகவே இரண்டு சுவருக்கு மட்டும் போட்டால் போதும், பாதிச் செலவு மிச்சம்.

போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக, கோடையிலும் ஓதம் நின்றால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். பிளாங்க் அதைத் தடுக்காது. மழைக்குப் பிறகு மட்டும், ஜன்னலைச் சுற்றியும் சுவரின் மேல்பாதியிலும் திட்டுத் திட்டாக வந்தால் அது சாரல். அதற்குத்தான் இந்த வைத்தியம். இந்த வீட்டில் இரண்டாவது வகை. கூடவே உப்பும் பூத்திருந்தது. மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுவது 1960-களின் இறுதியிலிருந்தே பதிவாகியிருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை குழைத்துப் பூசியதால், பூச்சு பொரிந்து விழுவதற்கான காரணம் பூச்சுக்குள்ளேயே இருந்தது. கலவைத் தண்ணீரில் குளோரைடு, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மி.கி., கம்பி இல்லாததற்கு 2,000 மி.கி. என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் உச்சவரம்பு. கிணற்றுநீரின் உவர்ப்பு நாக்கிலேயே தெரிகிற ஊரில், ஒட்டுப்பூச்சு வேலைக்குக்கூட லாரித் தண்ணீர்தான் வாங்க வேண்டும்.

இதே தெருவில் முன்பு ஒரு வீட்டுக்கு 6 எம்.எம். ஃபைபர் சிமெண்ட் ஷீட்டை, எட்டடிக்கு நாலடி அளவில் முழுசாகவே, பூச்சின் மேல் நேரடியாக வைத்துத் திருகியிருந்தார்கள். ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. இணைப்பில் அடைத்த வால் புட்டி விரிந்து, அதன் வழியே தண்ணீர் உள்ளே போனது. வெளியே வர வழியில்லை. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, ஷீட் தொப்பை போட்டு, கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ ஒவ்வொன்றின் கீழும் துருக்கோடு இறங்கிவிட்டது. அதைக் கழற்றிப் பார்த்ததில் கற்றதுதான் இந்த வேலையின் அடிப்படை. தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். போனது இறங்கி வெளியேற வழியும், பின்னால் காற்று ஓட இடமும் வேண்டும்.

காலம்: நவரை நெல் அறுப்பு முடிந்த கையோடு சுவரைச் சுரண்ட ஆரம்பித்தால், கோடை வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்துவிடும். ஈரச் சுவரை மூடினால் அது காய மாதக்கணக்கில் ஆகும். பொரிந்த பூச்சை உளியால் தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து திரும்பவும் செங்கலுக்குள்ளேயே போகும். பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் 1:5 சிமெண்ட், மணல் கலவையில் ஒட்டுப்பூச்சு. அதன் மேல் வாட்டர் ப்ரூஃப் பெயிண்டோ பாலிதீன் ஷீட்டோ வேண்டாம். சுவரின் ஈரம் வெளியே மூச்சுவிட வேண்டும்.

இனி சாமான். சுவர்கள் கிழக்கே 24 அடி, வடக்கே 18 அடி, உயரம் 10 அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் மூட வேண்டியது 368 சதுர அடி. பிளாங்க் 3000 எம்.எம். நீளம், 200 அகலம், 8 கனம். ஒன்று ஏறத்தாழ ஆறரை கிலோ. வெட்டுச் சேதாரம் உட்பட 75 பிளாங்க் எடுத்தது. வாங்கும்போது கட்டின் மேல் ஐ.எஸ். 14862 எண்ணும், டைப் ஏ என்ற குறிப்பும், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்ற வாசகமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைப் பி வீட்டுக்குள் போடுவதற்கு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், நம்ப வேண்டாம்.

இறக்கும்போது பிளாங்கை விளிம்பு நிற்கும்படி தூக்க வேண்டும். படுக்கப்போட்டுத் தூக்கினால் நடுவில் மடங்கி முறியும். மட்டமாகப் போட்ட கட்டைகள் மேல் அடுக்கி, தார்ப்பாய் மூட வேண்டும். நனைந்த பிளாங்கை மாட்டினால் காய்ந்தபின் சுருங்கி, இணைப்பு வாய் திறக்கும்.

சட்டத்துக்கு மரம் இங்கே சரிப்படாது. வயலோரத்தில் கரையான் விடாது. 50×25 எம்.எம். ஜி.ஐ. பைப், 16 கேஜ். 20 அடி நீளத்தில் இரண்டு நிற்கும் பைப் சரியாக வருகிறது, அதனால் சேதாரம் குறைவு. மொத்தம் 42 நிற்கும் பைப், அதாவது 21 நீளம், எடை சுமார் 230 கிலோ. கடையில் ஜி.ஐ. பைப் என்று கிடைப்பது பெரும்பாலும் தகட்டிலேயே துத்தநாகம் பூசிப் பிறகு குழாயாக்கியது. வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போகும். உப்புக்காற்றில் அங்கேதான் துரு பிடிக்கும். அதனால் வெல்டிங்கே இல்லாமல், எல்லாம் திருகிய வேலை. வெட்டிய முனை ஒவ்வொன்றுக்கும் சிங்க் ரிச் பிரைமர் இரண்டு கை. மேல்முனைக்கு பிளாஸ்டிக் மூடி, கீழ்முனை திறந்தபடி. கீழேயும் மூடினால் பைப்புக்குள் சேரும் தண்ணீர் அங்கேயே நின்று உள்ளிருந்து அரிக்கும்.

பைப் இடைவெளி 500 எம்.எம். காரணம் எளிது: 3000 எம்.எம். பிளாங்கை 500 மீதமில்லாமல் வகுக்கும், இணைப்பு தானாகவே பைப் மேல் வந்து உட்காரும். 400 வைத்தால் பாதி இணைப்பு அந்தரத்தில் நிற்கும். மூலையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு மட்டும் 250. புயல் காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை, மூலைகளில் உறிஞ்சிப் பிடுங்கும். ஐ.எஸ். 875 வரைபடத்தில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பைப்பைச் சுவரில் பிடிக்க 10×120 நைலான் பிளக், 600 எம்.எம். இடைவெளியில், பைப்புக்கு ஆறு. 10×100 தான் எளிதாகக் கிடைக்கும். ஆனால் பைப் 25, பேக்கிங் (பைப்புக்கும் சுவருக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கும் துண்டு) 5, பூச்சு 15 போக, செங்கலுக்குள் குறைந்தது 60, 70 எம்.எம். போக வேண்டும் என்பதால் நீளமானதைத் தேடி வாங்க வேண்டும். துளை செங்கல் நடுவில். சாந்து இணைப்பில் போட்டால் பிடிக்காது. பழைய நாட்டுச் செங்கலில் டிரில்லின் ஹேமரை அணைத்து, வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும். ஹேமர் போட்டால் துளை வாய் அகன்று பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி வீணான துளைகளை விட்டு மூன்று அங்குலம் தள்ளிப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. திருகை மிகவும் முறுக்கினால் பைப் நசுங்கும்; இறுகியதும் நிறுத்த வேண்டும்.

சுவர் தூக்கில் இல்லை. தூக்குக் குண்டு விட்டுப் பார்த்ததில் மேலுக்கும் கீழுக்கும் 22 எம்.எம். வித்தியாசம். இரு ஓரத்துப் பைப்பையும் முதலில் தூக்கில் நிறுத்தி, நடுவில் மேல், இடை, கீழ் என்று மூன்று நூல் கட்டி, மற்ற பைப்புகளை நூலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பி.வி.சி. துண்டு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பேக்கிங் 15 எம்.எம்.-ஐத் தாண்டும் இடத்தில் 10×140 பிளக். இந்தக் கட்டத்தில் காட்டுகிற பொறுமைதான் கடைசியில் சுவர் முகத்தில் தெரியும்.

கீழ்க்கோடு தரையிலிருந்து 150 எம்.எம். மேலே. மழைத்துளி தெறிக்கும் சேறும், முற்றத்தில் தேங்கும் தண்ணீரும் பிளாங்கின் கீழ் விளிம்பைத் தொடக் கூடாது. கோட்டை முற்றத்துத் தரையைப் பார்த்துப் போடக் கூடாது, தரை சரிவாக இருக்கும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து இரண்டு சுவருக்கும் ஒரே மட்டம் குறித்துக்கொள்ள வேண்டும். ரசமட்டம் 24 அடிக்குப் போதாது.

பைப் தரும் 25 எம்.எம். இடைவெளி கீழே திறந்திருந்தால் எலி, குளவி, சில சமயம் பாம்பும் குடியேறும். வயலோர வீட்டில் இது வெறும் கற்பனை இல்லை. துளை 3 எம்.எம். உள்ள அலுமினிய வலையை ப வடிவில் மடித்து, பைப்புகளின் அடியில் ஓட்டை விழாமல் பொருத்தினோம். சாதாரணக் கொசுவலைக் கம்பி இரண்டு வருஷத்தில் பொடியாகிவிடும்.

அதன் மேல், ஒரு பிளாங்கை நீளவாக்கில் கிழித்த 35 எம்.எம். பட்டி. இதை விட்டுவிட்டால் முதல் வரிசை பைப்போடு ஒட்டி நேராகவும், அடுத்தடுத்த வரிசைகள் சாய்ந்தும் நின்று, கீழே ஒரு கோணல் தெரியும். பட்டி முதல் பிளாங்கின் கீழ் விளிம்பை 8 எம்.எம். வெளியே தள்ளி, மற்றவற்றின் சாய்வையே அதற்கும் கொடுக்கிறது.

ஓவர்லாப், அதாவது மேல் வரிசை கீழ் வரிசையை மூடும் அளவு, குறைந்தது 30 எம்.எம். வேண்டும். ஆனால் சும்மா 30 வைத்துக்கொண்டே போனால் உச்சியில் ஒரு ஒல்லிப் பட்டி மிஞ்சும் அபாயம் உண்டு. முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. கீழ்க்கோட்டிலிருந்து தளத்தின் அடி வரை 2900. முதல் பிளாங்க் 200, அதன் மேல் 16 வரிசை, ஒவ்வொன்றும் வெளியே தெரிவது 168. கூட்டினால் 2888. மேலே மிஞ்சும் 12 எம்.எம். காற்று வெளியேறும் வாய். ஓவர்லாப் 32. இந்தக் கணக்கால் கடைசி வரிசையைக் கிழிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனது. 168 எம்.எம்.-க்கு ஒரு மரத்துண்டில் காடி வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வரிசைக்கும் டேப் பிடிக்க வேண்டாம். நாலு வரிசைக்கு ஒரு தடவை மட்டும் டியூப் லெவலில் சரிபார்த்தால் போதும்.

வெட்டுவதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஆளுக்கு ஆபத்து. நம் ஊரில் எல்லோரும் கையில் எடுப்பது நாலு அங்குல மார்பிள் கட்டர். வேகமாக வெட்டும், ஆனால் கிளம்பும் வெள்ளைப் புகையில் சிலிக்கா தூசி கலந்திருக்கும். அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய். வாயில் துண்டு கட்டுவது பாதுகாப்பு ஆகாது. என் 95 முகக்கவசம், மூக்கைச் சுற்றி இடைவெளி இல்லாமல். வெட்டும் இடம் வீட்டிலிருந்து தள்ளி, காற்று முதுகில் அடிக்கும் திசையில். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. குறுக்கு வெட்டு 200 எம்.எம். தான் என்பதால் பெரும்பாலானவற்றை மெஷின் இல்லாமலேயே முடிக்கலாம்: கார்பைட் முனைக் கீறு கத்தியால் மூலைமட்டம் வைத்து முகப்புப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கீறி, கட்டை விளிம்பில் வைத்து ஒடித்தால் சுத்தமாக விடும். நீளவாக்கில் கிழிக்கவும் ஜன்னலுக்கு எல் வடிவில் வெட்டவும்தான் மெஷின், அப்போது ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈரமான துண்டைக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். வெட்டிய விளிம்புக்கு அன்றைக்கே பிரைமர்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பல வீடுகளில் மாட்டுக் கொட்டகைக்கும் அடுப்படிச் சாய்ப்புக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது. கட்டர் கையில் இருக்கிறதே என்று அதில் ஒரு மூலையை வெட்டிவிடலாம் எனத் தோன்றும். அதை மெஷினால் தொடவே கூடாது.

ஸ்க்ரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, எண் 8, நீளம் 32 எம்.எம். கடலோரம் இன்னும் நெருங்கி, காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற இடமென்றால் 316. தானே துளைக்கும் முனையுள்ள ஸ்க்ரூ எஸ்.எஸ். 410-ல் எளிதாகக் கிடைக்கும், இரும்பையும் துளைக்கும், ஆனால் உப்புக்காற்றில் துருவேறும். 304 எளிதில் துருவேறாது, ஆனால் மென்மையான உலோகம். பைப்பைத் துளைக்கச் சொன்னால் முனை கருகி மழுங்கிவிடும். ஆகவே முதலில் பிளாங்கில் 5 எம்.எம்., பைப்பில் 3.2 எம்.எம். துளை, பிறகு ஸ்க்ரூ. வேலை மெதுவாகத்தான் நகரும், அவசரப்படுத்த முடியாது. இம்பாக்ட் டிரைவரால் அடித்தால் தலை பிளாங்குக்குள் குழிந்து இறங்கி, பின்பக்கம் சிமெண்ட் வட்டமாகப் பெயரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, காற்றில் கழன்றுவிடும். சாதாரண டிரில்லில் கிளட்சைக் குறைத்து வைத்து, தலை முகத்தோடு சமமானதும் நிறுத்த வேண்டும்.

ஸ்க்ரூ இருக்குமிடம் மேல் விளிம்பிலிருந்து 25 எம்.எம்., அடுத்த வரிசை அதை மூடிவிடும். மூலைப் பகுதிகளில் மட்டும் கீழ் விளிம்பிலிருந்து 20 எம்.எம். மேலே, முகத்திலும் ஒன்று. முனையிலிருந்து 12 எம்.எம்.-க்குக் குறையவே கூடாது. குறைந்தால் மூலை உடைந்து கையில் வரும். ஆயிரம் ஸ்க்ரூ வாங்கியதில் கொஞ்சம்தான் மிச்சம்.

இரண்டு பிளாங்க் முட்டும் இடத்தில் 3 எம்.எம். விட்டு, பின்னால் 100 எம்.எம். அகல அலுமினியத் தகடு. தகட்டின் கீழ்முனை கீழ் வரிசைப் பிளாங்கின் மேல் ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் உள்ளே போன தண்ணீர் வெளிப்பக்கம் விழும். இடைவெளிக்குப் பெயிண்ட் ஒட்டும் பி.யூ. (பாலியூரிதேன்) சீலண்ட். சாதாரண சிலிக்கானில் பெயிண்ட் பிடிக்காது, புட்டி விரியும். அடுத்தடுத்த வரிசையில் இணைப்பு ஒரே பைப்பில் வராமல், குறைந்தது ஒரு பைப் தள்ளி.

ஜன்னல், கதவு மேல் இசட் வடிவ அலுமினியத் தகடு; அதற்கும் மேல் பிளாங்குக்கும் நடுவில் 6 எம்.எம். அந்த இடைவெளியை யாராவது நல்ல எண்ணத்தில் சீலண்ட் வைத்து அடைத்துவிடுவார்கள், கண்காணிக்க வேண்டும். அது தண்ணீர் வெளியேறும் வழி. பக்கவாட்டில் மட்டும்தான் சீலண்ட். மூலைகளுக்கு 50×50 அலுமினிய ஆங்கிள். மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச், தெருவிளக்கு ஒயர் எல்லாவற்றையும் சட்டம் அடிக்கும் முன்பே எலக்ட்ரீஷியனைக் கொண்டு வெளியே இழுத்து வைத்துவிட வேண்டும்.

விவசாய வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பான், கயிற்றுச் சுருள், அரிவாள், சாக்கு எல்லாம் தொங்கும். பிளாங்கில் ஆணி அடித்தால் விரிசல்தான். தொங்கவிடும் இடத்தை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, அங்கே கூடுதலாக ஒரு பைப் வைத்து, கொக்கியை பிளாங்கைத் தாண்டி பைப்பில் போல்ட் போட்டோம். மாடு கட்டும் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். மாடு உரசினால் பிளாங்க் தாங்கும், கொம்பால் முட்டினால் உடையும். வடகிழக்கு மூலையில் கீழ் மூன்று வரிசைக்குப் பின்னால் குறுக்குப் பைப் கொடுக்காததால் இரண்டு பிளாங்க் உடைந்து மாற்ற வேண்டியதாயிற்று.

பெயிண்ட்: காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கை. வெளிர் நிறம், அடர் நிறம் வெயிலில் சூடேறி இணைப்பை அசைக்கும். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலும் உப்பும் படியும், வருஷத்துக்கு ஒரு தடவை ஓஸ் பைப்பால் மெதுவாகக் கழுவினால் போதும்.

செலவு இந்த வீட்டுக்கு: பிளாங்க் 32,250, ஜி.ஐ. பைப் 20,330, எஸ்.எஸ். ஸ்க்ரூ 3,500, பிளக் 4,000, அலுமினிய ஆங்கிள், தகடு, வலை சேர்த்து 7,200, சீலண்ட் 2,700, பிரைமரும் பெயிண்டும் 5,400, சிங்க் பிரைமர், பிளேடு, பிட், முகக்கவசம் 3,100, கூலி 25,900, வண்டி வாடகை 2,500. மொத்தம் 1,06,880 ரூபாய், சதுர அடிக்கு 290. பூச்சைத் தட்டிவிட்டுத் திரும்பப் பூசுவதைவிடப் பல மடங்கு அதிகம். பூச்சு ஒரு தடவையோடு நிற்கிற வீட்டுக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டோம். இரண்டு மூன்று மழைக்கு ஒருமுறை பூச்சு உப்பி விழும் வீட்டுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

அடுத்த வீட்டுக்கு மாற்றப்போவது இவை. பின்பக்கம் பிரைமர் அடித்தே வரும் பிளாங்கை வாங்குவது. கையால் அடித்ததில் நேரம் நிறையப் போனது. ஜி.ஐ. பைப்புக்குப் பதில் 2 எம்.எம். அலுமினியக் குழாய், சுவரைத் தொடும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்து, ஏனென்றால் ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். மாடு கட்டும் மூலையில் கீழிருந்து மூன்றடிக்கு 250 எம்.எம். இடைவெளியில் குறுக்குப் பைப். மீட்டர் பெட்டிக்கு மேலே இரண்டு வரிசையை முகத்தில் மட்டும் ஸ்க்ரூ போட்டு, கழற்றி மாட்டும்படி விடுவது. கணக்குக்கு மேல் ஐந்து பிளாங்க் கூடுதலாக வாங்கி, பரண் மேல் மட்டமாகப் படுக்கவைப்பது. உடைந்த இரண்டுக்கு மாற்று வாங்கப் போனபோது, அதே கம்பெனிப் பிளாங்க் அடுத்த லாட்டில் ஒரு எம்.எம். கனம் குறைவாக வந்து, அந்த வரிசை மட்டும் உள்வாங்கி நிற்கிறது.